வலது பக்கத்துக் குழி

ஜெசிகா இறந்த அன்று காலை என் வீட்டு கேட்டைத் தட்டியவர்கள் இரண்டு பேர். ஒருவர் எங்கள் பங்குச்சாமியார். இன்னொருவன் ஜெசிகாவின் புருஷன் ஆம்ப்ரோஸ். போலீஸில் ஏட்டு. என் மகன் மேத்யூ செத்துப்போன ஸ்டேஷனில் வேலை பார்த்தவன்.

சாமியாரை உள்ளே வரச் சொன்னேன். ஆம்ப்ரோஸைச் சொல்லவில்லை, அவனும் வரவில்லை. மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பை தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லாரும் பார்க்கும்படி வெயிலில் நின்றான். நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதில் எனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

"ஜெசிகா விடியக்காலம் போயிட்டாங்க டீச்சர்," என்றார் ஃபாதர்.

"தெரியும் ஃபாதர். துக்க மணி கேட்டுச்சு."

ஒரு வருஷமாகக் கேன்சரில் இழுத்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். சின்ன வயசு, நல்ல மனிதர், யாருடனும் சண்டைக்குப் போகமாட்டார். அப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் பயம். கடைசியில் அவர்களுக்கும் சேர்த்து நாம்தான் சண்டை போட வேண்டிவரும்.

"அவங்க குடும்பக் குழியப் போன வருஷம்தான் ஆம்ப்ரோஸோட அம்மாவுக்காகத் திறந்தோம். மறுபடி திறக்க முடியாது. தோட்டத்துல புது இடமும் கிடையாது. உங்களுக்கே தெரியும்," என்று இழுத்தார். "உங்க கல்லறையில வலது பக்கம் சும்மா இருக்கு."

"சும்மா இல்ல ஃபாதர். அது எனக்கு."

எங்கள் கல்லறைத் தோட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உயிரோடு இருக்கிறவனுக்கு இந்த ஊரில் வீடு கிடைப்பது கஷ்டம் என்பார்கள். செத்தவனுக்கு அதைவிடக் கஷ்டம். பழைய குடும்பங்களுக்கு மட்டும் சொந்தக் குழி உண்டு. ஒருமுறை திறந்து ஒருவரை வைத்துவிட்டால் பதினான்கு வருஷம் கழித்துத்தான் அடுத்தவருக்கு இடம். என் மாமனார் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழி வாங்கிப் போட்டிருந்தார். இடது பக்கத்தில் என் வீட்டுக்காரர் இருந்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதைத் திறந்து, அவருடைய எலும்புகளை வெள்ளைத் துணியில் கட்டிக் கால்மாட்டில் வைத்துவிட்டு, மேத்யூவை வைத்தோம். அவனுக்கு இருபத்து நான்கு வயசு. வலது பக்கம் எனக்கு. என் பிள்ளைக்குப் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம் என்ற ஒன்றை நினைத்துத்தான் பல நாள் தூங்கியிருக்கிறேன்.

"எரிச்சிடலாமே. சபை இப்ப அனுமதிக்குதுன்னு நீங்கதான பிரசங்கத்துல சொன்னீங்க?"

கேட்டுக்கு வெளியிலிருந்து ஆம்ப்ரோஸின் குரல் வந்தது.

"எரிக்கக்கூடாதுன்னு என் கையப் புடிச்சுக் கேட்டுக்கினா டீச்சர். அவளுக்கு நெருப்புன்னா பயம்."

இரண்டு வருஷத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மேத்யூ தி. நகரில் ஒரு துணிக்கடையில் பில் போடுகிற வேலையில் இருந்தான். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், கோயிலில் சிலுவைப்பாதை ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று பைக்கில் வந்துகொண்டிருந்தவனை, மந்தைவெளி ரயில் நிலையத்துக்குக் கீழே போலீஸ் நிறுத்தியது. சங்கிலி பறித்தவன் ஓட்டிய வண்டியும் அதே நிறமாம். இந்த ஊரில் அந்த நிறத்தில் எத்தனை ஆயிரம் வண்டி ஓடுகிறது என்று அவர்களுக்குத் தெரியாதா? மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டானாம். நம் ஊர் ஸ்டேஷன் பாத்ரூம்களில் மட்டும் அப்படி எந்த எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார்களோ, போகிறவன் எல்லாம் வழுக்குகிறான்.

அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி பிள்ளை வரவில்லை என்றதும் நான் போன் செய்த முதல் ஆள் ஆம்ப்ரோஸ். எங்கள் அன்பியத்துக்காரன். வாரா வாரம் ஒவ்வொரு வீடாகக் கூடி ஜெபமாலை சொல்லுகிற பதினைந்து குடும்பத்தில் அவன் குடும்பமும் ஒன்று. ஜெசிகாதான் மேத்யூவை முதல் நற்கருணை வாங்குகிற புது நன்மைக்குத் தயார் செய்தவள். பிள்ளையில்லாத வீடு அது. மேத்யூ அங்கே போய்த் தின்ற முறுக்குக்கு அளவே கிடையாது. ஆம்ப்ரோஸை மாமா என்றுதான் கூப்பிடுவான்.

"மேத்யூவக் காணோம் ஆம்ப்ரோஸ், கொஞ்சம் விசாரிங்க," என்றேன்.

"பாத்துச் சொல்றேன் டீச்சர். நீங்க தூங்குங்க," என்றான்.

அப்போது அவன் எங்கே இருந்தான்? மறுநாள் காலையில்தான் டியூட்டிக்கே வந்தேன் என்று அவன் எழுதிக்கொடுத்திருக்கிறான். அன்று ராத்திரி ஸ்டேஷன் வாசலில் அவன் வண்டியைப் பார்த்ததாக எதிர் டீக்கடைக்காரர் முதலில் சொன்னார். பிறகு பார்க்கவில்லை என்றார். பாவம், அவர் அங்கேதான் கடை நடத்த வேண்டும். அன்று ஸ்டேஷனில் இருந்த இன்ஸ்பெக்டரும் மற்ற மூன்று போலீஸ்காரர்களும் ஒரே பாட்டைப் பாடினார்கள். மீதி இருந்தது ஆம்ப்ரோஸ் ஒருவன். எனக்கு வேண்டியதெல்லாம் ஒரு கேள்விக்குப் பதில். நான் போன் செய்தபோது என் பிள்ளை உயிரோடு இருந்தானா?

"யோசிச்சுச் சொல்றேன்," என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் போனதும் கமர் ஜஹானுக்கு போன் போட்டேன். மேத்யூ வழக்கை நடத்துகிற வக்கீல். ராயப்பேட்டைப் பெண். என்னைவிட இருபது வயசு சின்னவள், என்னைவிட இருபது மடங்கு கோபக்காரி. அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகிறது.

"டீச்சர், இது அல்லா குடுத்த சான்ஸ்," என்றாள் எடுத்த எடுப்பில். "வர்ற வாரம் மாஜிஸ்திரேட் முன்னாடி அவர்தான் கடைசி சாட்சி. அவர் பேசலைன்னா ஃபைல மூடிடுவாங்க. குழி வேணுமா, நடந்தத நடந்தபடி சொல்றேன்னு சத்தியம் பண்ணச் சொல்லுங்க. உங்க வேதப் புஸ்தகத்து மேல கை வெச்சு. வெட்கப்படாதீங்க டீச்சர். அவங்க உங்ககிட்ட வெட்கப்பட்டாங்களா?"

அவள் சொன்னது சரிதான். சேலையை மாற்றிக்கொண்டு, ஜெபமாலையை எடுத்துக்கொண்டு, லஸ் பக்கம் ஆம்ப்ரோஸ் குடியிருந்த சந்துக்கு நடந்தேன். வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். குழி தருகிறேன், உண்மையைச் சொல். குழி தருகிறேன், உண்மையைச் சொல். முப்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்கு இது ஒரு கஷ்டமான சமன்பாடா என்ன.

வாசலில் சாமியானா போட்டிருந்தார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்த அன்பியத்துப் பெண்கள் என்னைக் கண்டதும் ஒரு மணியைத் தவறவிட்டு, மறுபடி பிடித்துக்கொண்டார்கள். உள்ளே ஐஸ் பெட்டியில் ஜெசிகா. ரொம்பச் சின்னதாகிவிட்டிருந்தாள். மேத்யூ போன பிறகு ஒரே ஒருமுறை என் வீட்டுக்கு வந்தாள். நான் கதவைச் சாத்தினேன். சாத்திய கதவுக்கு வெளியே அவள் கொஞ்ச நேரம் நின்றது எனக்குத் தெரியும், ஜன்னலில் நிழல் தெரிந்தது.

ஆம்ப்ரோஸ் எழுந்து வந்து என் எதிரில் நின்றான். ஷேவ் செய்யாத முகம். என்னிடமிருந்து என்ன வரப்போகிறது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தான். ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், சாயங்காலத்துக்குள்ள முடிவு பண்ணணும்," என்று அவன் சொந்தக்காரர் ஒருவர் சொன்னார். "கரண்ட் வேற வந்து வந்து போகுது. வெயில் காலம், உடம்பு தாங்காது."

அந்த வார்த்தை. அதே வார்த்தை.

மேத்யூவின் உடம்பை அறுத்துப் பார்த்த பிறகு மூன்று நாள் எங்களுக்குத் தரவில்லை. மார்ச்சுவரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மரணத்தில் சந்தேகம் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் உடனே எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஆள் வந்து சொன்னான். தெரிந்த முகமாக இருந்தால் நான் கேட்பேன் என்று கடைசியில் ஆம்ப்ரோஸையே அனுப்பினார்கள். அவன் வந்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னான்: "போட்டுக் குடுத்துடுங்க டீச்சர். வெயில் காலம், உடம்பு தாங்காது." நான் போடவில்லை. மூன்றாம் நாள் கமர் ஜஹான் எங்கிருந்தோ ஒரு உத்தரவு வாங்கி வந்தாள். பிள்ளையை வாங்கும்போது அவன் முகத்தை நான் பார்க்க முடியவில்லை. பார்க்க வேண்டாம் என்று எல்லாரும் தடுத்தார்கள்.

இப்போது நான் வந்து நிற்கிறேன். ஒரு பிணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, எனக்கு இதைக் கொடு, உனக்கு அதைத் தருகிறேன் என்று சொல்ல. ஆண்டவர் வந்து என் காதில் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரையும் இரண்டு கேள்வி கேட்டிருப்பேன். அவர்கள் எனக்குச் செய்ததை நான் ஜெசிகாவுக்குச் செய்ய மாட்டேன், அவ்வளவுதான்.

"வலது பக்கத்தைத் தோண்டச் சொல்லு," என்றேன்.

ஆம்ப்ரோஸ் நிமிர்ந்தான். "டீச்சர், நான் இன்னா பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம்."

"இல்ல டீச்சர், நீங்க ஏதோ கேக்கத்தான்..."

"ஒண்ணும் கேக்கல. உனக்குத் தரல, ஜெசிகாவுக்குத் தரேன். அவ என் பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தவ. போ, ஆக வேண்டியதப் பாரு."

வெளியே வந்து கமர் ஜஹானிடம் போனில் சொன்னேன்.

"ரொம்ப நல்லவங்க டீச்சர் நீங்க," என்றாள். "உங்கள வெச்சுக்கிட்டு நான் எப்படிக் கேஸ் நடத்தறது?" போனை வைத்துவிட்டாள். அழுதாள் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் அடக்கம். பக்கத்துப் பக்கத்துக் குழி என்பதால் வலது பக்கம் தோண்டும்போது நடுவில் இருந்த மண் சரிந்து, மேத்யூவின் பெட்டி ஓரம் வெளியே தெரிந்துவிட்டது. பலகை கறுத்துப்போயிருந்தது. குழி வெட்டுகிறவர் ஒரு கோணியைப் போட்டு மூடினார். அதற்குள் நான் பார்த்துவிட்டேன். ஆம்ப்ரோஸும் பார்த்தான். ஃபாதர் தீர்த்தம் தெளித்து முடித்ததும் ஆளுக்கு ஒரு பிடி மண் போட்டார்கள். ஆம்ப்ரோஸ் மண்ணை அள்ளிக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். பின்னால் இருந்தவர்கள் மெதுவாகத் தள்ளிய பிறகுதான் போட்டான். நானும் ஒரு பிடி போட்டேன். என் இடத்தில் நானே மண் போடுவேன் என்று நினைத்ததில்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது.

பூசையில் சமாதானம் அறிவிக்கிற நேரம் ஒன்று உண்டு. சாமியார் சொன்னதும் எல்லாரும் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துக் கைகூப்பிச் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். இரண்டு வருஷமாக அந்த ஒரு நிமிஷம் மட்டும் நான் கோயிலுக்குள் இருப்பதில்லை. வாசலுக்குப் போய் என் செருப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். டீச்சர் செருப்புமேல் இவ்வளவு ஆசை வைத்திருக்கிறாரே என்று யாரும் கேட்டதில்லை. எல்லாருக்கும் தெரியும். தூணுக்கு அந்தப் பக்கம் ஆம்ப்ரோஸ் இருப்பான்.

அன்றைக்கும் எழுந்தேன். அதற்குள் ஃபாதர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"இன்று நாம் வெறும் வார்த்தையாக இதைச் சொல்லவில்லை அன்பர்களே. நம் பங்கில் ஒரு பெரிய சமாதானம் நடந்திருக்கிறது. தன் ஒரே மகனைப் பறிகொடுத்த ஒரு தாய், எல்லாவற்றையும் மன்னித்து, பகையை மறந்து, தன் கல்லறையையே கொடுத்திருக்கிறார். மர்சலின் டீச்சர் குடும்பமும் ஆம்ப்ரோஸ் குடும்பமும் இன்று ஒரே குடும்பம்."

கை தட்டினார்கள். கோயிலுக்குள் கை தட்டினார்கள்! முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இருநூறு பேர் என் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். நான் நடுவழியாக நடந்து வெளியே போனேன். சந்தோஷம் தாங்காமல் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

பூசை முடிந்ததும் உடுப்பு மாற்றுகிற அறையில் போய்ப் பிடித்தேன்.

"யாரு ஃபாதர் மன்னிச்சது?"

"டீச்சர், குழியக் குடுத்தீங்களே?"

"குழியத்தான குடுத்தேன்? வழக்கையா குடுத்தேன்? நான் மன்னிச்சிட்டேன்னு உங்ககிட்ட வந்து பாவசங்கீர்த்தனமா பண்ணேன்?"

"நல்லதுக்குத்தான் டீச்சர் சொன்னேன். மக்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்கட்டும்னு..." அவர் முகம் வெளுத்துவிட்டது. உண்மையில் நல்லதுக்குத்தான் சொன்னார். எங்கள் ஆட்கள் செய்கிற தப்பே இதுதான். ஒருவர் இன்னொருவருக்குக் கொஞ்சம் இரக்கம் காட்டிவிட்டால் போதும், உடனே சமாதானம் என்று பெயர் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, கணக்கை முடித்துவிடுவோம். யார் அடித்தது, யார் செத்தது என்று அப்புறம் கேட்பவர்தான் சண்டைக்காரர்.

இன்னொன்றும் இருந்தது. கொரோனா காலத்திலிருந்து எங்கள் ஞாயிறு பூசையை, வீட்டோடு கிடக்கிறவர்களுக்காக யூட்யூபில் நேரலையாகப் போடுகிறோம். கேமரா பீடத்தை மட்டும்தான் காட்டும். ஃபாதர் பேசியது அதில் இருந்தது. கை தட்டல் இருந்தது. நான் எழுந்து போனது இல்லை. அன்று மத்தியானமே அதை எடுக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். ஆனால் எடுக்க வேண்டியவர்கள் அதற்குமுன் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

விசாரணை அன்று கோர்ட் அறையில் மின்விசிறி மட்டும் சத்தமாக ஓடியது. மாஜிஸ்திரேட் ஒரு அம்மாள், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். போலீஸ் தரப்பு வக்கீல் தன் போனை நீட்டிக் காட்டினார். ஃபாதரின் குரல் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. எல்லாவற்றையும் மன்னித்து, பகையை மறந்து. அப்புறம் கை தட்டல்.

"தாயாரே சமாதானமாகிட்டாங்க," என்றார் வக்கீல். "உள்ளபடியே குற்றம் நடந்ததா நம்பியிருந்தா, எந்தத் தாயாவது அந்தக் குடும்பத்துக்குத் தன்னோட கல்லறையக் குடுப்பாங்களா? வெளியாளுங்க தூண்டிவிட்டு நடத்துற வழக்கு இது." வெளியாள் என்று சொல்லும்போது கமர் ஜஹானின் முக்காட்டைப் பார்த்தார்.

இன்ஸ்பெக்டர் பின்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார். "கல்லறை குடுத்தது உண்மையாம்மா?"

"உண்மைங்க."

"அப்ப சமாதானமாகிட்டீங்களா?"

"இல்லைங்க. செத்தவங்களப் புதைக்கிறது எங்க மதத்துல ஒரு கடமை. அதச் செஞ்சேன். எம்பிள்ள எப்படிச் செத்தான்னு கண்டுபிடிக்கிறது உங்க கடமை. அதச் செய்யுங்க." போலீஸ் வக்கீல் பக்கம் கையைக் காட்டினேன். "நான் மன்னிக்கிறேனா இல்லையாங்கிறது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல இருக்கு. அதுல இந்த வக்கீல் சாருக்கு வேலை இல்ல."

மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார். பிறகு ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டார்கள்.

போலீஸ் வக்கீல் அவனைப் பார்த்து நட்பாகச் சிரித்தார். "உங்க மனைவிய அந்தம்மாவோட கல்லறையிலதான் அடக்கம் பண்ணீங்க?"

"ஆமாங்க."

"எந்த நிபந்தனையும் இல்லாமத்தான் குடுத்தாங்க?"

"ஆமாங்க. ஒண்ணும் கேக்கல." அவன் கூண்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "கேப்பாங்கன்னுதான் நின்னுக்கினு இருந்தேன். கேட்டிருந்தா சரின்னு சொல்லிட்டு, இங்க வந்து பழைய மாதிரியே சொல்லியிருப்பேன். அப்படித்தான் மனசுல வெச்சிருந்தேன்."

வக்கீலின் சிரிப்பு நின்றது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அவங்க புள்ள பாடிய வெச்சுக்கினு நாங்க அவங்கள மூணு நாளு கேட்டோம் அம்மா," என்று அவன் மாஜிஸ்திரேட்டைப் பார்த்துச் சொன்னான். "என் பொண்டாட்டி பாடி கிடக்கச்சொல்ல அவங்க என்னை ஒரு வார்த்தை கேக்கல. அந்தக் குழில புள்ளையோட பெட்டி தெரிஞ்சுது. அதுக்கப்புறம் என்னால முடியல. நான் காலைல டியூட்டிக்கு வரல. முந்தின நாள் சாயங்காலத்துலேர்ந்து அங்கதான் இருந்தேன்."

பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

அவன் சொன்னான். மெதுவாக, வரிசையாக, ரோல்கால் சொல்வது போல. யார் லத்தி எடுத்தது, யார் கதவைச் சாத்தியது, இன்ஸ்பெக்டர் எங்கே உட்கார்ந்திருந்தார். கடைசியில், மேத்யூவின் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டது யார் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நான்தாம்மா."

கமர் ஜஹான் என் கையைப் பிடித்தாள். நான் உதறினேன். இரண்டு வருஷமாக, ஒன்றும் செய்யாமல் நின்று வேடிக்கை பார்த்தவன் என்றுதான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அவனோட அம்மா உங்களுக்கு போன் பண்ணாங்களா?" என்றார் மாஜிஸ்திரேட்.

"பண்ணாங்க. பாக்கெட்ல போன் அடிச்சுது. டீச்சர் பேரு வந்துது. வெளில வராண்டாவுல போய் எடுத்தேன்." ஆம்ப்ரோஸ் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினான். "உசுரோடத்தான் இருந்தான் டீச்சர். நான் டீச்சர்னு சொன்னது அவன் காதுல விழுந்துடுச்சு. மாமா, அம்மாவான்னு கத்தினான். சாப்பிடாம உக்காந்துக்கினு இருப்பாங்க மாமா, சாப்பிடச் சொல்லுன்னான். நான் கதவ இழுத்துச் சாத்திட்டு, தூங்குங்கன்னு உங்களாண்ட சொன்னேன்."

அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. தவக்கால வெள்ளிக்கிழமை, கறி கிடையாது, அவனுக்குப் பிடிக்கும் என்று கருணைக்கிழங்கு வறுத்து மூடி வைத்திருந்தேன். மறுநாள் யாரோ அதை எடுத்து வெளியே கொட்டினார்கள்.

கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் தெரிந்தால் மனசு ஆறும் என்று யார் யாரோ சொல்லியிருந்தார்கள். ஆறவில்லை. அந்த அறையிலிருந்து என்னை இரண்டு பெண் போலீஸ்காரர்கள்தான் பிடித்து வெளியே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். போலீஸ்காரர்களேதான். தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன்.

ஆம்ப்ரோஸை அந்த வாரமே கைது செய்தார்கள். அவன் கொடுத்த வாக்குமூலத்தில் இருந்த மற்றவர்களில் ஒருவன் தலைமறைவு, இரண்டு பேருக்கு முன்ஜாமீன். இன்ஸ்பெக்டர் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். நல்ல ஏசி அறையாம். உண்மையைச் சொன்னவன் உள்ளே, சொல்லாதவர்கள் வெளியே. "இது ஆரம்பம்தான் டீச்சர், விடமாட்டேன்," என்கிறாள் கமர் ஜஹான். அவள் விடமாட்டாள், எனக்குத் தெரியும். முடிவு வரும்போது நான் இருப்பேனா என்றுதான் தெரியாது. இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்னை எங்கே வைப்பார்கள் என்பதும் தெரியாது.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். எல்லாரும் வாளியும் துடைப்பமுமாக வந்து தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். நானும் போனேன். இடது பக்கத்தைக் கழுவினேன். மேத்யூவின் பெயரில் இருந்த பாசியைச் சுரண்டினேன். வலது பக்கத்தில் இன்னும் சிமெண்ட் பூசவில்லை. வெறும் மண்மேடு. மழையில் ஒரு பக்கம் உள்வாங்கியிருந்தது. மரச்சிலுவை சாய்ந்து கிடந்தது. புல் முளைத்திருந்தது. வந்து பார்க்க அவளுக்கு யார் இருக்கிறார்கள்? இருந்த ஒருவன் புழல் ஜெயிலில்.

சுற்றிலும் எங்கள் பங்குக்காரர்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நான் என்ன செய்கிறேன் என்று பார்க்க அவர்களுக்கு ஆசை. திட்டிக்கொண்டேதான் புல்லைப் பிடுங்கினேன். "உன் புருஷன் என் பிள்ளை காலைப் புடிச்சவன்டி ஜெசிகா. நான் வந்து உனக்குப் புல்லு புடுங்கறேன். எல்லாம் என் தலையெழுத்து." மண்ணை அள்ளிப் போட்டுப் பள்ளத்தை நிரப்பினேன். சிலுவையை நட்டு, கல்லால் தட்டி நிமிர்த்தினேன். இரண்டு பக்கமும் பூ வைத்தேன். ஒரே தீக்குச்சியில் இரண்டு மெழுகுவர்த்தியும் ஏற்ற முடியவில்லை, காற்று. இரண்டாவதற்கு இன்னொரு குச்சி கிழித்தேன்.

ஃபாதர் தீர்த்தச் செம்போடு கல்லறை கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வந்தார். என் முன்னால் நின்றார். வாயைத் திறந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். இரண்டு பக்கமும் தெளித்துவிட்டு நகர்ந்தார். கற்றுக்கொண்டுவிட்டார், பாவம்.

மன்னித்துவிட்டேனா என்று என்னைக் கேட்காதீர்கள். பூசையில் சமாதானம் சொல்லுகிற நேரத்தில் இப்போது நான் செருப்பைத் தேடிப் போவதில்லை. தூணுக்கு அந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. ராத்திரி கருணைக்கிழங்கின் வாசனை எங்கிருந்தோ வந்தால், அவனை என் கையாலேயே கொல்ல வேண்டும் போல இருக்கிறது. இரண்டும் உண்மைதான்.

ஆனால் கமர் ஜஹானிடம் ஒன்று கேட்டு வைத்திருக்கிறேன். புழலில் மனு போட்டுப் பார்க்கிற நாள் எது, என்ன கொண்டுபோகலாம் என்று. அவள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். சமாதானம் பேச இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. தூங்குங்க என்று அவன் சொல்லி நான் கேட்ட அந்த நிமிஷத்துக்கும் விடியற்காலத்துக்கும் நடுவில் ஒரு ராத்திரி முழுக்க இருக்கிறது. என் பிள்ளையின் அந்த ராத்திரி எனக்கு வேண்டும், எவ்வளவு கொடுமையாக இருந்தாலும். அதை எனக்குச் சொல்லக்கூடியவன் உலகத்தில் அவன் ஒருவன்தான். கம்பிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கப் போகிறேன்: அப்புறம் அவன் என்ன சொன்னான், ஆம்ப்ரோஸ்?